நாலு பேர் கூடிப் பாடும் வீடு

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவர்)

மதுரையில் கேட்பதற்குப் பாட்டுப் பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது. சித்திரையில் மண்டகப்படிக்கு மண்டகப்படி ஒலிபெருக்கி கட்டுகிறார்கள். ஆடியில் தெருவுக்குத் தெரு அம்மன் பாட்டு. ராஜா முத்தையா மன்றத்தில் தமிழிசை, கல்யாண மண்டபங்களில் மெல்லிசைக் குழு, மாட்டுத்தாவணியிலிருந்து புறப்படும் எந்தப் பஸ்ஸில் ஏறினாலும் இளையராஜா. இவ்வளவு பாட்டுக்கும் நடுவில், நாம் வாய் திறந்து பாடுவதற்கு ஓர் இடம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் விடை சொல்வது கடினம். குளியலறை என்று சிலர் கேலியாகச் சொல்வார்கள். எங்கள் தெருவில் அதுவும் நாலு வீட்டுக்கு ஒன்று. உள்ளே பாடினால் வெளியே வாளியோடு நிற்பவர் கதவைத் தட்டுவார்.

நாலைந்து நண்பர்கள் ஒரு வீட்டில் கூடி, கையில் கிடைத்த கருவிகளை வைத்துக்கொண்டு, முன்கூட்டி ஒத்திகை எதுவும் இல்லாமல் பாடிக் களிப்பதற்கு இப்போது 'ஜாமிங்' என்று பெயர். சொல் அயல்நாட்டுச் சொல். ஆனால் பொருள் நமக்குப் புதியதன்று. இந்த வழக்கம் நம் மாணவர்களிடையே பெருக வேண்டும் என்பதும், அது பெருகுவதற்குக் குறுக்கே நிற்கும் ஒன்றைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நம் ஊர் வீடுகள் சிலவற்றைப் பார்ப்போம். அனுமந்தராயர் கோயில் தெரு மதுரைக்காரர்கள் அனைவருக்கும் தெரியும். அந்தத் தெரு வீடொன்றில் 1916ஆம் ஆண்டு பிறந்தவர் எம்.எஸ். சுப்புலட்சுமி. தாயார் சண்முகவடிவு வீணைக் கலைஞர். பாட்டி அக்கம்மாள் வயலின் வாசித்தவர். அண்ணன் சக்திவேல் மிருதங்கம். தங்கை வடிவாம்பாள் வீணை. ஒரு வீட்டுக்குள்ளேயே ஒரு கச்சேரிக்கு வேண்டிய ஆட்கள் அனைவரும் இருந்திருக்கிறார்கள். ஊருக்கு வரும் வித்துவான்கள் அந்த வீட்டுக்கு வந்து பாடுவதும் வாசிப்பதும் உண்டு. ஒரு சிறுமி சுவரோரம் உட்கார்ந்து அத்தனையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கிராமபோன் மீது ஆசை கொண்டு காகிதத்தைக் குழலாகச் சுருட்டி அதற்குள் பாடிக்கொண்டிருப்பாளாம். 1926இல், பத்து வயதில், இசைத்தட்டில் குரல் பதிவாயிற்று. 1927இல் திருச்சி மலைக்கோட்டை நூற்றுக்கால் மண்டபத்தில் மேடையேறினார். அந்த மேடைக்கு முன்னால் இருந்த பதினோரு ஆண்டுகளும் வீடுதான் பள்ளிக்கூடம்.

இதில் நாம் மறக்கக் கூடாத ஒன்று உண்டு. அந்தக் குடும்பம் தேவதாசி மரபில் வந்தது. அம்மரபுப் பெண்களின் பாட்டைக் கேட்க ஊர் முழுதும் ஆசைப்பட்டது. அவர்களைத் தன் வீட்டுப் பெண்களோடு சரிசமமாக உட்கார வைக்க ஊர் தயாராக இல்லை. பொட்டுக் கட்டும் வழக்கத்தைத் தடை செய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல்தான் வந்தது. கலை வேண்டும், கலைஞர் வேண்டாம் என்ற இந்தக் கணக்கு நம் ஊருக்குப் பழைய கணக்கு. இது பின்னால் தேவைப்படும் என்பதால் இங்கே குறித்து வைக்கிறேன்.

சௌராஷ்டிரர் வீடுகளின் பஜனை மற்றொரு எடுத்துக்காட்டு. நடனகோபால நாயகி சுவாமிகள் (1843–1914) சௌராஷ்டிர மொழியிலும் தமிழிலும் இயற்றிய கீர்த்தனைகளை நெசவுக் குடும்பங்கள் கூடிப் பாடிவந்தன. டிக்கெட் கிடையாது, தெரிந்தவன் அடியெடுத்துப் பாட, தெரியாதவன் பின்பாட்டுப் பாடியே தெரிந்துகொள்வான். 1950இல் 'கிருஷ்ண விஜயம்' படத்தின் மூலம் திரைக்கு வந்த டி.எம். சௌந்தரராஜன் இந்தச் சூழலில் வளர்ந்தவர். மேற்கே பண்ணைப்புரம், இன்று தேனி மாவட்டம் என்றாலும் 1996 வரை மதுரை மாவட்டமாக இருந்த ஊர்தான். அங்கே பாவலர் வரதராசன் தம்பிமாரைச் சேர்த்துக்கொண்டு பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடினார். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் அவர் பாட்டு மலைத்தோட்டத் தொழிலாளர்களிடையே ஒலித்தது. அந்தத் தம்பிமாரில் ஒருவர்தான் 1976இல் 'அன்னக்கிளி' படத்துக்கு இசையமைத்த இளையராஜா. மேடை பிற்பாடு வந்தது. அண்ணன் தம்பிகள் கூடிப் பாடியது அதற்கு முன்னால்.

இனி நம் காலத்துக்கு வருவோம். நண்பர்கள் கூடுகிற ஒரு ஞாயிற்றுக்கிழமை எப்படி நடக்கும்? அதைப் பார்க்காதவர்கள் ஏதோ பெரிய கச்சேரி என்று எண்ணிக்கொள்கிறார்கள். முதல் ஒரு மணி நேரம் ஒன்றுமே நடக்காது. கிட்டாருக்குச் சுருதி கூட்ட வேண்டும். அதற்குள் ஒரு தந்தி அறுந்துபோகும். ஒருவன் 'கீபோர்டு' கொண்டு வந்திருப்பான், அதன் ஒயர் வீட்டில் இருக்கும். பிளாஸ்டிக் குடம் ஒன்று சமையலறையிலிருந்து வரும்; அதைத் தட்டுகிறவன் நிஜமான குடத்தில் தண்ணீர் சுமந்து வளர்ந்தவன், எந்த இடத்தில் தட்டினால் என்ன சத்தம் வரும் என்று அவனுக்குத் தெரியும். பிறகு ஒருவன் பாட ஆரம்பிப்பான். ஐந்து கட்டையில் எடுத்துவிட்டு, சரணத்தில் மூச்சு முட்டி நிற்பான். எல்லாரும் சிரிப்பார்கள். மூன்று கட்டைக்கு இறக்கி மறுபடி எடுப்பான். இரண்டாம் சரணம் யாருக்கும் தெரியாது. செல்போனைப் பார்த்துப் பாடுவதற்குள் தாளம் ஒரு சுற்று ஓடிவிடும். இப்படியே இருட்டுகிற நேரத்தில், எதிர்பாராமல், ஒரு பாட்டு முழுதாக அமையும். குடமும் கிட்டாரும் ஒன்றையொன்று பார்த்து நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும். அந்த மூன்று நிமிடத்துக்காகத்தான் மற்ற நாலு மணி நேரமும்.

இதில் ஒரு கல்வி இருக்கிறது என்பது என் துணிபு. வகுப்பில் ஆசிரியர் கேட்டால் தெரியாது என்று சொல்லத் தயங்குகிற மாணவன், இங்கே "டேய், அந்த எடத்த இன்னொரு தடவ வாசிடா" என்று கூசாமல் கேட்கிறான். மேடையில் தவறினால் அவமானம். நண்பர் வீட்டில் தவறினால் மறுபடி ஆரம்பிக்கிறோம், அவ்வளவே. மற்றவன் வாசிக்கும்போது தன் கையை அடக்கிக்கொள்ளக் கற்றுக்கொள்கிறோம். இது பாடத்திட்டத்தில் எந்தத் தாளிலும் இல்லை.

சரி, குறுக்கே நிற்பது எது?

எங்கள் குழுவில் ஒரு நண்பன் தப்பு வாசிப்பான். பறை என்று நூல்களில் சொல்வதைத்தான் எங்கள் பக்கம் தப்பு என்கிறோம். வலக்கையில் குட்டையான அடிக்குச்சி, இடக்கையில் மெல்லிய சிண்டுக்குச்சி. தோளில் மாட்டிக்கொண்டு அவன் ஓர் அடி போட்டால் உட்கார்ந்திருப்பவன் கால் தானாக ஆடும். ஒரு முறை மற்றொரு நண்பனின் வீட்டில் கூடுவதாக ஏற்பாடு. நல்ல வசதியான வீடு, இசைப் பழக்கம் உள்ள வீடு. கூடத்தில் உறை போட்ட மிருதங்கம் ஒன்று இருந்தது. வாசல்படியில் ஏறும்போது அவ்வீட்டுப் பெரியவர், கோபமாக அல்ல, மிகவும் தணிந்த குரலில் சொன்னார்: "தம்பி, கோவிச்சுக்காதப்பா. அத மட்டும் வெளிய வச்சிட்டு வா. நல்ல காரியம் நடக்கிற வீடு."

உள்ளே எல்லாருக்கும் ஒரே மாதிரி டம்ளரில் காப்பி வந்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் அதுகூட நடந்திருக்காது என்று பெரியவர்கள் சொல்வார்கள், மெய்தான். ஆள் உள்ளே வந்துவிட்டான். அவன் வாத்தியம் வாசலில், செருப்புகளுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றது. அன்று அவன் பிளாஸ்டிக் குடத்தைத் தட்டினான்.

ஏன் என்று கேட்டால் இரண்டு காரணம் சொல்கிறார்கள். ஒன்று, அது தோல். இரண்டு, அது சாவு மேளம். தோலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மிருதங்கத்தில் மாடு, எருமை, ஆடு என மூன்று விலங்குகளின் தோல் சேருகிறது. அதைச் செய்பவர்களின் வாழ்க்கையைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020இல் ஒரு தனி நூலே எழுதியிருக்கிறார். அந்த மிருதங்கம் பூசையறைப் பக்கத்தில் உறைக்குள் உட்கார்ந்திருக்கிறது. கஞ்சிரா, ஒரு பக்கம் மட்டும் தோல் போர்த்திய வட்டக் கருவி. பழைய நாளில் உடும்புத் தோல். அமைப்பில் தப்புக்குத் தம்பி என்றே சொல்லலாம். அது சபா மேடையில் வித்துவான்களோடு சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறது. இதையெல்லாம் விட வேடிக்கை என்னவென்றால், அன்று என் நண்பன் கொண்டு வந்த தப்பில் தோலே இல்லை! இரும்பு வளையத்தில் திருகாணி வைத்து இறுக்கிய பைபர் தாள். இப்போது பலரும் அதைத்தான் வாசிக்கிறார்கள். மழைக்காலத்தில் நெருப்பு மூட்டிக் காய்ச்ச வேண்டியதில்லை. ஆக, மூன்று தோல் உள்ள கருவி கூடத்தில் இருந்தது. தோலே இல்லாத கருவி வாசலில் நின்றது. தீட்டு தோலில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சோதனை வேண்டுமா?

இயற்பியல் மாணவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்லலாம். விளிம்பில் இறுக்கிய ஒரு வட்டச் சவ்வைத் தட்டினால் எழும் அதிர்வெண்கள் 1, 1.59, 2.14 என்ற விகிதத்தில் போகும். தந்தியில் வருவது போல 1, 2, 3 என்று முழு எண்களாக வராது. அதனால் சாதாரணத் தோற்கருவிக்குத் திட்டமான சுருதி இல்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் கிட்டக்கல் பொடியும் சோறும் சேர்த்து இடுகிற கருப்புப் பூச்சு, அந்த அதிர்வெண்களை இழுத்து முழு எண் விகிதத்துக்குக் கொண்டுவருகிறது. சர் சி.வி. இராமன் இதை 1920இல் ஒரு குறிப்பாகவும் 1934இல் விரிவான ஆய்வாகவும் வெளியிட்டார். தப்பில் அந்தப் பூச்சு இல்லை. ஆகவே அது சுருதியில் சேராது என்று சொல்வோர் உண்டு. உண்மையில் சேரவேண்டிய தேவையே இல்லை. பாடகன் ஐந்து கட்டையில் பாடினாலும் மூன்று கட்டைக்கு இறங்கினாலும் தப்பு யாரோடும் சண்டை போடாது. கட்டையை அடிக்கடி மாற்றுகிற எங்களைப் போன்ற அரைகுறைப் பாடகர்களுக்கு அதைவிட ஏற்ற துணை எது?

ஒரு கருவியை வாசலில் நிறுத்துவது புதிதன்று. ஆர்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940 மார்ச் 1 முதல் தடை செய்தது. கமகம் பேசாத பெட்டி, அயல்நாட்டுச் சரக்கு என்று குற்றச்சாட்டு. தாகூர் போன்ற பெரியவர்களும் அதை விரும்பவில்லை. 1971இல்தான் அத்தடை ஓரளவு தளர்ந்தது. அந்த முப்பது ஆண்டும் ஆர்மோனியம் சாகவில்லை. நாடகக் கொட்டகையிலும் பஜனை மடத்திலும் பாவலரின் கட்சி மேடையிலும் வாழ்ந்தது. ஆனால் ஆர்மோனியத்துக்கு எதிராகச் சொன்னது இசைக் காரணம். அதை இசையால் மறுக்கலாம். தப்புக்கு எதிராகச் சொல்வது இசைக் காரணமே அல்ல. இங்கேதான் இரண்டாவது காரணம் வருகிறது: சாவு மேளம்.

மெய், சாவுக்கு அடிக்கிறார்கள். நாதசுரமும் தவிலும் எத்தனையோ ஊர்களில் இறுதி ஊர்வலத்துக்கு முன்னால் போகின்றன. அவை திரும்பி வந்து கல்யாணத்திலும் வாசிக்கின்றன. தொல்காப்பியம் ஐந்திணைக்கும் கருப்பொருள் சொல்லும்போது பறையையும் சேர்த்தே சொல்கிறது. ஒவ்வொரு நிலத்துக்கும் தொழிலுக்கும் தனித்தனிப் பறை உண்டு. உழவுக்கும் மீன்பிடிப்புக்கும் ஆநிரைக்கும் ஒலித்த ஒன்றைச் சாவுக்கு மட்டும் ஒதுக்கி, அதை அடிக்கும் கடமையை ஒரு சாதியின் தலையில் கட்டி, பிறகு அது சாவு மேளம், வீட்டுக்கு ஆகாது என்றால் என்ன நியாயம்?

இந்த இடத்தில் என் நண்பனின் தகப்பனார் சொன்னதையும் எழுதுவது கடமை. அவன் வாசிப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. "நாங்க இத வேணாம்னு தூக்கிப் போட எம்புட்டுப் பாடுபட்டோம். நீ காலேசு படிச்சிட்டு மறுபடி எடுத்து மாட்டிக்கிட்டு நிக்கிற" என்றார் மகனிடம். அவர் கேள்வியை நாம் இலேசாக ஒதுக்கிவிட முடியாது. பல ஊர்களில் இனி இழவுக்கு அடிக்க மாட்டோம் என்று சொன்னதற்காக அடிபட்டவர்கள் உண்டு, கூலி வேலை இழந்தவர்கள் உண்டு. அவர்களுக்குப் பறையைக் கீழே வைத்ததுதான் மானம். அடுத்தவர் வீட்டு மாணவர்கள் "ஆகா, என்ன அருமையான தாளம்" என்று கைதட்டுவது அவருக்கு எப்படி இருக்கும் என்று எண்ணிப்பார்க்க வேண்டும். ஆகையால் எல்லாரும் பறை அடிக்க வாருங்கள் என்று நான் கூவவில்லை. வாசிக்க விரும்பாதவனை வாசிக்கச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. வாசிக்க விரும்புகிறவனை வாசலில் நிறுத்தவும் எவருக்கும் உரிமை இல்லை என்று மட்டுமே சொல்கிறேன். கட்டாயத்தால் அடித்ததற்கும், நண்பர்களோடு சேர்ந்து தன் மகிழ்ச்சிக்காக அடிப்பதற்கும் வேறுபாடு இருக்கிறது. அந்த வேறுபாடு தெரிகிற இடம் நண்பர் கூடும் வீடுதான். அங்கே கூலி இல்லை, ஏவல் இல்லை.

அமெரிக்காவில் இந்த 'ஜாம்' வழக்கம் வளர்ந்த கதையும் இதை ஒட்டியதே. நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியில் 1938இல் ஹென்றி மின்டன் என்ற சாக்ஸபோன் கலைஞர் ஒரு விடுதி தொடங்கினார். கறுப்பினக் கலைஞர்கள் பிறர் நடனமாடுவதற்காகக் கூலிக்கு வாசித்துவிட்டு, வேலை முடிந்த பின் அங்கே கூடித் தங்களுக்காக வாசித்தார்கள். தெலோனியஸ் மங்க் பியானோவில், கென்னி கிளார்க் டிரம்ஸில். டிஸ்ஸி கில்லெஸ்பியும் சார்லி பார்க்கரும் வந்து கலந்துகொள்வார்கள். 1940களில் அந்தக் கூடங்களில் பிறந்த புதிய ஜாஸ் பிறகு உலகெங்கும் போயிற்று.

நம் மதுரையிலும் முயற்சிகள் நடக்காமல் இல்லை. அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியாபிலஸ் அப்பாவு, பரட்டை என்ற பெயரில் நாட்டுப்புறப் பாட்டு எழுதியவர், 2005இல் மறைந்தார். பறையும் கிராமிய மெட்டும் தேவாலய வழிபாட்டுக்குள் வரவேண்டும் என்று வாதாடி, வரவும் செய்தவர். திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுப் பெண்கள் பறையெடுத்து ஆடுகிறார்கள். அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அளிக்கப்பட்டது. செய்தி வந்த அன்று நம் மாவட்டமே பெருமைப்பட்டது. ஆனால் தில்லியில் குடியரசுத் தலைவர் மாளிகைக்குள் போய்விட்ட பறை, நம் தெருவில் இன்னும் சில வீட்டு வாசற்படியைத் தாண்டவில்லை. கலை வேண்டும், கலைஞர் வேண்டாம் என்ற பழைய கணக்கு இப்போது கலைஞர் வரலாம், கருவி வேண்டாம் என்று கொஞ்சம் திருத்தி எழுதப்பட்டிருக்கிறது.

சத்தம் அதிகம் என்று ஒரு தடை சொல்வார்கள். அதில் நியாயம் உண்டு. பத்துக்குப் பன்னிரண்டு அறையில், கான்கிரீட் தளத்துக்குக் கீழே, தப்பை முழு வீச்சில் அடித்தால் காது அடைத்துப்போகும். அடுத்த வீட்டில் பச்சைக் குழந்தை இருக்கும், நாளைக்குத் தேர்வு எழுதுகிறவன் இருப்பான். அதற்கு வழி இருக்கிறது. மடியில் கிடத்தி, அடியில் ஒரு துண்டை மடித்து வைத்து, குச்சி இல்லாமல் விரலால் வாசித்தால் பேச்சுக் குரலுக்கு மேல் போகாது. என் நண்பன் அப்படி வாசிப்பதைக் கேட்டவர்களுக்கு அதன் நுட்பம் தெரியும். ஒலிபெருக்கிக்கே இரவு பத்து மணிக்கு மேல் 2000ஆம் ஆண்டு விதி தடை போட்டிருக்கிறது. எங்களுக்கும் அது பொருந்தட்டும். சத்தம்தான் காரணம் என்றால் சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள், குறைக்கிறோம்.

இன்னொரு தடை வீடே. எங்களில் பலருக்கு ஒரே அறை வீடு. அப்பா இரவு வேலை முடித்துப் பகலில் தூங்குவார். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளை மூன்று மணி நேரம் பாடினான் என்றால், "அதுக்கா ஒன்னய காலேசுக்கு அனுப்புனோம்?" என்று கேட்பதில் தவறில்லை. ஆகவே கூடுவது என்றால் வசதியுள்ள நண்பன் வீட்டில்தான். அங்கேயோ மேற்சொன்ன வாசற்படி இருக்கிறது. கோடை விடுமுறையில் மேலூர் பக்கம் ஒரு நெற்களத்தில் கூடினோம். அறுவடை முடிந்து காலியாகக் கிடந்த களம், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தப்பும் கிட்டாரும் அன்றுதான் முதல் முறையாக ஒன்றாக வாசித்தன. ஆனால் களம் ஆண்டு முழுதும் காலியாக இராது.

எனவே முதல்வர் அவர்களுக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம் கல்லூரிக் கலைவிழாவில் மெல்லிசைப் போட்டி நடக்கிறது. பரிசும் சிறப்பு விருந்தினரும் உண்டு. அது நடக்கட்டும். அதைத் தவிர, வாரத்தில் ஒரு நாள், வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பு முடிந்ததும், ஒரே ஒரு வகுப்பறையை ஒரு மணி நேரம் திறந்து விட வேண்டும். மேடை வேண்டாம், மைக் வேண்டாம், பரிசு வேண்டாம், வரவேற்புரை வேண்டவே வேண்டாம். யார் எந்தக் கருவி கொண்டு வந்தாலும் உள்ளே வரலாம் என்பது ஒன்றே விதி. மாணவியரும் வர வேண்டும். வீட்டில் கூடுவது அவர்களுக்கு எங்களைவிடக் கடினம். பெஞ்சுகளைத் திரும்ப இருந்த இடத்தில் போட்டு, அறையைக் கூட்டி, ஐந்தேகால் பஸ்ஸுக்குள் சாவியை அலுவலகத்தில் ஒப்படைக்கும் பொறுப்பை எங்கள் வகுப்பு ஏற்றுக்கொள்ளும். பதினோரு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.